ஆப்கானியக் கம்பளங்கள்: கலை, உழைப்பு, சந்தை – சில விமர்சனக் குறிப்புகள்

1

கலைப்பொருளொன்றை மதிப்பிடப் புகும் விமர்சனம் வழக்கமாக முதலிற் கேட்பது, அதனை ஆக்கியவர் யார் என்பதாகும். கவிதையையும் ஓவியத்தையும் நோக்குமிடத்து இவ்வினா இயல்பாகவே எழுகின்றது. ஆனால், ஆப்கானிஸ்தானின் வடக்கிலும் மேற்கிலும் கையால் முடிச்சிடப்பட்டு, ஐரோப்பிய அமெரிக்க அரும்பொருளகங்களிலே ஓவியங்களுக்கு ஒப்பாகத் தொங்கவிடப்பட்டிருக்கும் கம்பளங்களைப் பொறுத்தவரையில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. எக்குலத்துக்குரியது, எந்த நூற்றாண்டினது, எத்துணை நெருக்கமாக முடிச்சிடப்பட்டது, சாயம் வேர்ச்சாயமா இரசாயனச் சாயமா என்பனவே வினவப்படுகின்றன. ஆக்கியவரின் இடத்தில் ஒரு குலப்பெயரோ, சந்தைப்பெயரோ நின்றுவிடுகின்றது.

இப்பெயரின்மையை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் மையப் பிரச்சினையாகும். ஈழத்து வாசகர்க்கு இது முற்றிலும் புதியதொரு பிரச்சினை அன்று. ஆனந்தக் குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே தொடங்கி, அவரது பிற்காலக் கட்டுரைகளில் முதிர்ச்சி பெற்ற ஒரு நோக்கு, மரபுவழிக் கைவினைஞனின் பெயரின்மையை ஓர் ஆன்மிக உயர்வாகவே கண்டது. தன்முனைப்பு அற்றவனாதலால் அவன் தன் பெயரைப் பொறிக்கவில்லை என்பது அதன் சாரம். குமாரசுவாமிக்கு ஆதர்சமாக விளங்கியவர்களுள் ஒருவர் வில்லியம் மொறிஸ். மொறிஸ் தாமே கம்பளத் தறிகளை நிறுவியவர். கீழைத்தேயக் கம்பளங்களை நுணுகி அறிந்தவர். ஈரானின் அர்தபில் கம்பளத்தை இலண்டன் தென் கென்சிங்டன் அரும்பொருளகம் 1893இல் வாங்குவதற்குப் பரிந்துரை செய்தவரும் அவரே. ஆயின், கைவினையின் சீரழிவுக்கான காரணத்தைத் தேடிச் சென்ற மொறிஸ் சோசலிசத்தை வந்தடைந்தார். குமாரசுவாமியோ மரபின் மெய்யியலை நோக்கிச் சென்றார். இவ்விரு வழிகளும் பிரியும் சந்தியிலேதான் கம்பளம் பற்றிய இன்றைய ஆய்வுகளையும் நிறுத்திப் பார்க்கவேண்டியுள்ளது.

மேற்கூறிய அர்தபில் கம்பளத்திலே பெயரொன்று உண்டு. ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539-40 எனும் ஆண்டோடு, காஷான் நகரத்து மக்சூத் என்பவரின் பெயர் அதில் முடிச்சிடப்பட்டுள்ளது. அரசவை ஆதரவிலே உருவான அக்கம்பளத்திற் பணிக்குப் பொறுப்பாயிருந்த ஒருவரின் பெயர் இடம்பெற்றது. முடிச்சிட்ட கைகளின் பெயர்கள் அங்கும் இல்லை. ஆகவே, மரபுவழிச் சமுதாயத்திற் பெயர் பொறிக்கும் வழக்கமே இருந்ததில்லை என்ற வாதம் நிலைக்காது. யாருடைய பெயர் பொறிக்கப்படலாம், யாருடையது பொறிக்கப்படலாகாது என்பதனை நிர்ணயித்தது தன்முனைப்பின்மை அன்று; உழைப்பின் மீதும் அதன் பயன் மீதும் யாருக்கு உரிமை இருந்தது என்பதேயாகும்.

2

கம்பளத்தின் அழகியலைப் பேசுமுன் அதன் உற்பத்தி முறையை நோக்குதல் அவசியம். வட ஆப்கானிஸ்தானில் அந்த்கோய், ஆக்சா, தௌலத்தாபாத் முதலிய இடங்களைச் சூழ்ந்த துர்க்மெனியக் குடும்பங்களே இக்கலையின் பிரதான உரிமையாளராவர். அவர்களுள் எர்சாரிப் பிரிவினர் பெருந்தொகையினர். மேற்கே ஹெராத், பரா முதலிய பகுதிகளில் பலூச்சியரும், வேறு பகுதிகளில் உஸ்பெக்கியரும் ஹஸாராக்களும் நெய்கின்றனர். நாடோடிகளின் தறி நிலத்தோடு கிடையாக அமைவது. முளைகளைப் பிடுங்கிச் சுருட்டி ஒட்டகத்திலேற்றிச் செல்லத்தக்கது. பட்டறைகளிலே செங்குத்துத் தறிகள் பயன்படுகின்றன.

தறியில் இழுத்துக்கட்டிய பாவிழைகளில் இரண்டிரண்டாக எடுத்து, அவற்றைச் சுற்றிக் கம்பளி நூலை முடிச்சிட்டு, கத்தியால் அறுப்பதே அடிப்படைச் செயல். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையிழை செலுத்தப்பட்டு, கனத்த சீப்பினால் அடித்து இறுக்கப்படுகின்றது. எர்சாரியரும் தெக்கேயினரும் பெரிதும் சமச்சீரற்ற முடிச்சினையும், சாரிக் பிரிவினர் சமச்சீர் முடிச்சினையும் கையாண்டனர். இவ்வேறுபாடு கம்பளத்தின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்போர்க்கே புலனாவது.

இச்செயலின் அளவினை ஓர் எளிய கணக்கினால் உணரலாம். 2 மீற்றர் அகலமும் 3 மீற்றர் நீளமும் கொண்ட கம்பளமொன்றிற் சதுர தெசிமீற்றருக்கு 2,000 முடிச்சுகள் எனக் கொள்வோம். முழுக் கம்பளத்திலும் 12 இலட்சம் முடிச்சுகள் அமையும். ஒரு பெண் நாளொன்றுக்கு 8,000 முடிச்சுகள் இடுவாளெனக் கொண்டால், அவளுக்கு 150 நாட்கள் தேவைப்படும். மூவர் அருகருகே அமர்ந்தால் 50 நாட்கள். ஆட்டுமயிர் கத்தரித்தல், கழுவுதல், சிக்கெடுத்தல், நூற்றல், சாயமிடுதல் என்பன இக்கணக்கிற் சேரவில்லை. சமையலும் பிள்ளை வளர்ப்பும் தண்ணீர் சுமத்தலும் சேரவேயில்லை.

இவ்வுழைப்பு பால்வழிப் பிரிக்கப்பட்டது. மந்தை மேய்த்தலும், மயிர் கத்தரித்தலும், சந்தைக்குக் கொண்டுசெல்லலும் ஆடவர் பணி. நூற்பதும் முடிச்சிடுவதும் பெண்டிர் பணி. கம்பளம் தறியிலிருந்து அறுத்து இறக்கப்படும் கணத்திலே, அது பெண்ணின் கையிலிருந்து ஆணின் கைக்கு மாறுகின்றது. அதன் விலையை அவள் கேட்பதுமில்லை, பெரும்பாலும் அறிவதுமில்லை.

வண்ணங்களும் இவ்வாறே ஒரு பொருளியல் வரலாறு உடையன. மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்பும், அவுரியிலிருந்து நீலமும், மாதுளந்தோலிலிருந்து மஞ்சளும் கபிலமும் பெறப்பட்டன. சாயத்தொட்டி சிறிதாதலால் ஒவ்வொரு தடவையும் நிறம் சற்றே மாறுபடும். ஒரே கம்பளத்தின் சிவப்பு நிலத்தில் இடையிடையே தோன்றும் இவ்வேறுபாட்டினை 'அப்ராஷ்' என்பர். சேகரிப்பாளர் இதனைக் கைவினையின் வசீகரமாக விதந்து கூறுகின்றனர். ஆனால், ஒரே தடவையில் முழுக் கம்பளத்துக்கும் வேண்டிய நூலுக்குச் சாயமிட வசதியற்ற வீட்டின் நிலையும் அதிலே பதிவாகியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

துர்க்மெனியக் கம்பளங்களின் எண்கோண, படிக்கட்டு வடிவங்களை இத்தொழில்நுட்பத்தின் நேரடி விளைவாகக் கொள்வாருமுளர். பருமனான முடிச்சில் வளைகோடு வராது. ஆகவே வடிவம் கோணமாயிற்று என்பர். இது பொறிமுறையான விளக்கமாகும். தெக்கேக் கம்பளங்கள் பல, கொடிகளையும் மலர்களையும் வளைத்து நெய்யுமளவு நெருக்கமான முடிச்சு உடையன. எனினும் அவற்றின் வடிவங்கள் கோணமாகவே உள்ளன. ஈரானிய அரசவைப் பட்டறையிலே வரைபடத்தைப் பார்த்து முடிச்சிட்டனர். துர்க்மெனியப் பெண் தாயிடமிருந்து நினைவில் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கையைக் கொண்டு முடிச்சிட்டாள். இத்தனை சிவப்பு, அதன்பின் இத்தனை நீலம் என எண்ணிக்கையாக மனத்திற் கிடக்கும் வடிவம், சமச்சீரையும் மீள்வருகையையும் நாடுவது இயல்பு. ஆகவே, வடிவத்தைத் தீர்மானித்ததில் முடிச்சின் பருமனிலும் பார்க்க, அறிவு எவ்வாறு பேணப்பட்டுக் கைமாறியது என்ற சமூக உறவுக்குப் பங்கு அதிகம் எனலாம்.

3

துர்க்மெனியக் கம்பளத்தின் மைய அலகு 'குல்' எனப்படும் எண்கோண வடிவமாகும். இதன் பொருள் பற்றிய விவாதமே இத்துறையின் முக்கிய விவாதம் எனில் மிகையாகாது. சோவியத் இனவியலாளரான மொஷ்கோவா 1946இல் வெளியிட்ட கட்டுரையிலும், அவரது மறைவின் பின் 1970இல் தாஷ்கந்தில் வெளியான நூலிலும், குல் என்பது குலச் சின்னம் என்ற கருத்தினை முன்வைத்தார். ஒவ்வொரு குலத்துக்கும் உரிய குல் ஒன்று உண்டு; போரிற் தோற்ற குலம் தன் சின்னத்தை இழக்கும்; அச்சின்னம் தன் உயிர்ப்பை இழந்து, துணை வடிவமாக வேறிடங்களில் எஞ்சும் என்பது அவரது விளக்கம்.

இக்கருதுகோளின் சிறப்பு, கம்பளத்தை அழகிய பொருள் என்ற நிலையிலிருந்து விடுவித்து வரலாற்றுள் நிறுத்தியமையாகும். மேய்ச்சல் நிலத்துக்கும் நீருக்குமான போராட்டம் வடிவங்களின் வாழ்விலும் சாவிலும் பிரதிபலிக்கின்றது என்பது, பொருள்முதல்வாத நோக்கு நல்கிய ஒளியே. ஆனால், இந்நோக்கிற் குலம் என்பது பிளவற்ற ஒரே மனிதனாக நடமாடுகின்றது. சின்னத்தின் உரிமையாளன் குலம். அதனை முடிச்சிட்டவள் குலத்தின் கை மட்டுமே. மணம் முடித்து வேறு பிரிவினுட் சென்ற பெண் எவ்வடிவத்தை நெய்தாள், தாயின் குல்லையா கணவனின் குல்லையா என்ற வினா இக்கருதுகோளின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றது.

1980இல் வாஷிங்டன் துணிக்கலை அரும்பொருளகத்தின் கண்காட்சியை ஒட்டி வெளியான தொகுதியில் ஜோன் தொம்சன் வேறொரு நோக்கினை முன்வைத்தார். இவ்வடிவங்களுள் பல நாடோடிகளின் தனித்த ஆக்கம் அல்ல. நகரங்களிலும் அரசவைகளிலும் வழங்கிய துணிக்கலையோடு தொடர்புடையன என்பது அவரது வாதத்தின் போக்கு. நாடோடியை நகரத் தொடர்பற்ற தூய மனிதனாகக் காணும் கற்பனையைத் தகர்த்த வகையில் இது வரவேற்கத்தக்கது. பதினைந்தாம் நூற்றாண்டில் தைமூரிய வம்சத்தாரின் கீழ் ஹெராத் பெருங்கலை மையமாக விளங்கியமையும், அக்காலச் சிற்றோவியங்களிலே கம்பளங்கள் தீட்டப்பட்டுள்ளமையும் யாவரும் அறிந்தவை. ஆயின், படைப்பாற்றல் மேலிருந்து கீழ் நோக்கியே பாய்கின்றது. கீழுள்ளோர் அதனைப் பெற்றுச் சிதைத்துப் பிரதிசெய்கின்றனர் என்ற எண்ணத்துக்கு இந்நோக்கு எளிதில் இடமளித்துவிடுகின்றது. பட்டுத்துணியின் வடிவமொன்றைக் கம்பளி முடிச்சின் எண்ணிக்கையாக மாற்றுவது வெறும் பிரதிசெய்தல் ஆகாது. ஒரு கதைப்பாடலைப் புதியதொரு யாப்பிலே மறுபடி பாடுவதற்கு வேண்டிய ஆற்றல் அதற்கும் வேண்டும்.

அல்தாய் மலையின் பாசிரிக் புதைகுழியிலிருந்து ருதென்கோ 1949இல் வெளிக்கொணர்ந்த கம்பளத்தையும் இங்கு நினைவுகூரலாம். கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் அது, சதுர தெசிமீற்றருக்குச் சுமார் 3,600 முடிச்சுகள் உடையது. பனியில் உறைந்து கிடந்தமையாலேயே அது எஞ்சியது. அது பாரசீக நகரத்தில் நெய்யப்பட்டதா, ஸ்தெப்பி நிலத்தில் நெய்யப்பட்டதா என அறிஞர் விவாதித்து வந்துள்ளனர். இவ்விவாதத்திலும் நகரம், நாடோடி என்ற இரு பெரும் பெயர்களே மோதிக்கொள்கின்றன.

குல்லின் கதை இன்னுமொரு முடிவையும் பெற்றது. 1992இல் துர்க்மெனிஸ்தான் ஏற்றுக்கொண்ட தேசியக் கொடியில் ஐந்து குல்கள் இடம்பெற்றன. 2019இல் அந்நாட்டுக் கம்பளக் கலை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. குலச் சின்னம் என்ற ஆய்வுக் கருதுகோள் இவ்வாறு அரசுச் சின்னமாக மெய்ப்படுத்தப்பட்டது. எல்லைக்குத் தெற்கே, அதே குல்களை முடிச்சிடும் துர்க்மெனியப் பெண்டிர்க்கு அக்கொடியாலோ அப்பட்டியலாலோ நேர்ந்த மாற்றம் யாதுமில்லை.

4

துர்க்மெனியர் தமக்கென நெய்தவற்றின் பட்டியல் நீண்டது. கூடாரத்தின் வாயிற்றிரையான என்சி, உடைமைகளை இடும் சுவால் பைகள், மணப்பெண் ஏறிவரும் ஒட்டகத்தின் விலாவை அலங்கரிக்கும் அஸ்மாலிக் ஆகியன பயன்மதிப்புக்காக நெய்யப்பட்டன. பரிமாற்றம் அக்காலத்திலும் இருந்தது. எனினும், பரிமாற்றமே உற்பத்தியின் நோக்கமாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலாகும்.

1881 ஜனவரியில் ஜார் படைகள் கியோக்தெபேக் கோட்டையைப் பிடித்துப் பெரும் படுகொலை நிகழ்த்தின. 1884இல் மேர்வ் வீழ்ந்தது. 1880இல் தொடங்கிய காஸ்பியன் புறப் புகையிரதப் பாதை 1888இற் சமர்கந்தை அடைந்தது. படையைச் சுமந்து சென்ற புகையிரதம் கம்பளத்தைச் சுமந்து திரும்பியது. நெய்யப்பட்ட இடத்தின் பெயராலன்றி, விற்கப்பட்ட நகரின் பெயரால் அவை ஐரோப்பாவில் 'புகாரா' என வழங்கலாயின. 1856இல் பேர்க்கின் கண்டறிந்த செயற்கைச் சாயத்தைத் தொடர்ந்து, 1868இல் மஞ்சிட்டி வேரின் சாயப்பொருளே ஜேர்மன் வேதியியலாளரால் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. மலிவான இரசாயனச் சாயங்கள் மத்திய ஆசியாவின் கடைத்தெருக்களை வந்தடைந்தன.

1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் துர்க்மெனியரும் உஸ்பெக்கியரும் பெருந்தொகையாக ஆமு தரியாவைக் கடந்து ஆப்கானிஸ்தானுட் புகுந்தனர். பஸ்மாச்சிக் கலகத்தின் ஒடுக்கமும் பலவந்தக் கூட்டுப்பண்ணையாக்கமும் அதற்குக் காரணமாயின. நாடோடி மேய்ச்சல் வாழ்வைப் புரிந்துகொள்ளாது மேலிருந்து திணிக்கப்பட்ட சீர்திருத்தம் மக்களைத் தம் மந்தைகளோடு எல்லை கடக்கச் செய்தது என்பதனை மார்க்சிய வரலாற்றாய்வு மறைத்தல் தகாது. ஆப்கானியக் கம்பள ஏற்றுமதியின் பிற்கால வளர்ச்சிக்கு, இவ்வகதிகள் தம்மோடு கொணர்ந்த கராகுல் ஆடுகளும் பெண்டிரின் கைத்திறனும் பெரிதும் துணைபுரிந்தன.

வணிகன் கம்பளி நூலையும் முற்பணத்தையும் தருவான். குடும்பம் உழைப்பினைத் தரும். கம்பளம் முடிந்ததும் கடன் கழிக்கப்பட்டு எஞ்சியது வழங்கப்படும். இம்முறை எமக்குப் புதியதன்று. லெனின் 1899இல் வெளியிட்ட, உருஷியாவில் முதலாளித்துவ வளர்ச்சி பற்றிய நூலிலே, கொள்வனவாளனுக்குக் கட்டுப்பட்ட குடிசைத் தொழிலாளி, வெளித்தோற்றத்திற் சுதந்திர கைவினைஞனாக இருந்தும், உண்மையில் வீட்டிலிருந்தே கூலிக்கு உழைப்பவனாவதை விரிவாகக் காட்டியுள்ளார். மார்க்சும் மூலதனத்தின் முதற் பாகத்திலே சரிகைப் பின்னலில் ஈடுபட்ட பெண்டிரதும் சிறாரதும் நிலையை விவரித்தார். ஆப்கானிய நெசவாளியின் நிலையில் மேலுமொரு படி உண்டு. வணிகனுக்குக் கூலியாளாக உள்ளவன் குடும்பத் தலைவன். அவனது வீட்டில் கூலியின்றி உழைப்பவள் பெண்.

துர்க்மெனியரிடையே நன்கு நெய்யத் தெரிந்த பெண்ணுக்கு மணமகன் வீட்டார் கொடுக்கும் பணம் அதிகம். அவளது திறன் அவளது விலையை உயர்த்தியது, உரிமையை உயர்த்தவில்லை. 1978 ஒக்ரோபரில் காபூலின் புதிய அரசு வெளியிட்ட ஏழாம் இலக்க ஆணை, பெண்ணைப் பணத்துக்குக் கொடுப்பதைத் தடைசெய்தது. மணக்கொடையை 300 ஆப்கானிக்கு மட்டுப்படுத்தியது. பெண்ணின் மணவயதை 16 ஆக்கியது. நோக்கம் முற்போக்கானதே. ஆயின், பெண்ணின் உழைப்பையே ஆதாரமாகக் கொண்ட வீட்டுப் பொருளாதாரத்தைத் தொடாது, அதன் விலைச்சீட்டை மட்டும் ஆணையினாற் கிழித்தெறிய முனைந்தமையால் அது கிராமத்திலே வேரூன்றவில்லை. அடித்தளம் மாறாது மேற்கட்டுமானத்தைச் சட்டத்தால் மாற்ற எத்தனிப்போர் மறக்கலாகாத பாடம் இது.

சந்தையின் ஆதிக்கம் அழகியலில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்குத் 'தங்க ஆப்கான்' எனப்பட்ட கம்பளங்களைவிடத் துலாம்பரமான சான்று வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தசாப்தங்களில் மேலை நாட்டு வரவேற்பறைகளின் சுவைக்கு ஆழ்ந்த சிவப்பு ஒவ்வாததாயிற்று. ஆகவே, நெய்து முடிந்த சிவப்புக் கம்பளங்கள் ஐரோப்பியச் சலவைச்சாலைகளில் இரசாயனக் கரைசலால் வெளுக்கப்பட்டு, பொன்னிறமாக மாற்றப்பட்டு விற்கப்பட்டன. சிவப்பு என்பது துர்க்மெனியப் பெண்ணின் வண்ணத்தெரிவு. அவளது கலையின் இலக்கணமே அதுதான். பொருளை வாங்கியவன் அதன் இலக்கணத்தையும் கழுவிவிடும் உரிமையைச் சேர்த்தே வாங்கினான். கம்பளியின் வலிமையும் அக்கழுவலிற் குன்றியது.

5

1979 டிசெம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புகுந்தன. 1989 பெப்ரவரியில் வெளியேறின. இக்காலத்திலே கம்பளங்களிற் டாங்கிகளும், ஹெலிகொப்டர்களும், கலாஷ்னிகோவ் துப்பாக்கிகளும், கைக்குண்டுகளும் தோன்றலாயின. 'போர்க் கம்பளங்கள்' என இன்று வழங்கும் இவற்றைப் பலூச்சிய நெசவாளரும் பிறரும் நெய்தனர். 2001 செப்டெம்பருக்குப் பின்னர் நியூயோர்க் இரட்டைக் கோபுரங்களும், பின்னர் ஆளில்லா விமானங்களும் அவற்றில் இடம்பெற்றன.

இவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது: இவை நெசவாளரின் சுயவெளிப்பாடா, வணிகரின் கட்டளைப்படி நெய்யப்பட்டவையா? முன்னதாயின் கலை, பின்னதாயின் சரக்கு என்பது இவ்வினாவின் உட்கிடை. 1986இல் பிரையன் ஸ்பூனர் எழுதிய கட்டுரையொன்று, கீழைத்தேயக் கம்பளத்தின் 'அசல் தன்மை' என்பது நெசவாளரின் அக்கறையன்று. வாங்குவோரின் சமூகத் தேவையிலிருந்து பிறந்த அளவுகோல் என வாதிட்டது. அவ்வாதத்தை இங்கும் பிரயோகித்தல் பொருந்தும். கட்டளைப்படி ஆக்கப்பட்டது கலையாகாதெனில், பரிசில் பெற்றுப் பாடிய எமது புலவரும் அரசவைகளின் ஓவியரும் கலைஞராகார்.

ஆகவே, கட்டளையா வெளிப்பாடா என்பதனை விடுத்து, கம்பளத்தின் பரப்பையே நோக்குதல் வேண்டும். முற்பட்ட போர்க் கம்பளங்கள் சிலவற்றில் மலர்களின் இடையிலே ஹெலிகொப்டர் ஒளிந்திருக்கும். முதற் பார்வையில் அது வண்டா பூவா என ஐயுறத் தோன்றும். வேறு சிலவற்றிற் குல் நிற்கவேண்டிய வரிசையிலே டாங்கிகள் சமச்சீராக அணிவகுத்து நிற்கும்; கரையோரத்திற் கொடிக்குப் பதிலாகத் துப்பாக்கி ரவைகள் தொடரும். இங்கு போர் ஒரு நிகழ்ச்சியாகச் சித்திரிக்கப்படவில்லை. எண்ணி மீள எண்ணி முடிச்சிடப்படும் அன்றாடமாகவே அமைகின்றது. மரபுவடிவத்தின் இலக்கணம் முறியாது, அதன் சொற்களெல்லாம் மாறிவிட்டன. ஒரு சமூகத்தின் வாழ்வுக்கு நேர்ந்ததும் அதுவே. இதனை நெசவாளி திட்டமிட்டு உணர்த்தினாளா என வினவுதல் வீண். வடிவத்துக்கும் பொருளுக்கும் இடையிலான அம்முரண், படைப்பின் பரப்பிலே புறநிலையாக இருக்கின்றது.

இதற்கு மாறாக, இரட்டைக் கோபுரக் கம்பளங்கள் பலவற்றில் அமெரிக்கப் படையினர் வீசிய பிரசாரத் துண்டுப்பிரசுரத்தின் புறாவும் இரு நாட்டுக் கொடிகளும் அப்படியே இடம்பெற்றுள்ளன. ஆங்கில எழுத்துகள் பிழைபட முடிச்சிடப்பட்டுள்ளன. வாங்குவோனின் துயரம் அவனுக்கே நினைவுப்பொருளாக விற்கப்படுகின்றது. இங்கு இலக்கணமும் கடன், சொல்லும் கடன். போர்க் கம்பளங்கள் யாவற்றையும் எதிர்ப்புக் கலையெனப் போற்றுவோரும், யாவற்றையும் சுற்றுலாச் சரக்கெனத் தள்ளுவோரும் இவ்வேறுபாட்டினைக் காணத் தவறுகின்றனர்.

பிறிதொன்றையும் வெளிப்படையாகக் கூறவேண்டும். அமெரிக்க குண்டுவீச்சைக் கண்டித்த குரலோடு, சோவியத் டாங்கிகளைக் கண்டிக்கும் குரலும் முற்போக்காளர் அனைவரிடமிருந்தும் எழுந்ததில்லை. வல்லரசின் கொடி எந்நிறத்தது என்று பார்த்து டாங்கியை மதிப்பிடும் விமர்சனம், டாங்கியைத் தன் தறியிலே எண்ணி எண்ணி நெய்தவளின் முன் தலைநிமிர்ந்து நிற்க இயலாது.

6

பெயரும் பெயரின்மையும் எதிரெதிரே சந்திக்கும் ஓர் உதாரணத்தை இங்கு நோக்கலாம். இத்தாலியக் கலைஞரான அலிகியேரோ போயெத்தி 1971இல் முதன்முறையாகக் காபூல் சென்றார். அங்கு விடுதியொன்றையும் நடத்தினார். ஒவ்வொரு நாட்டின் நிலப்பரப்பும் அதன் கொடியின் வண்ணங்களால் நிரப்பப்பட்ட உலகப்படங்களை ஆப்கானியப் பெண்டிரைக் கொண்டு தைப்பித்தார். சோவியத் படையெடுப்பின் பின் அப்பணி பெஷாவரில் அகதிப் பெண்டிர் மத்தியிலே தொடர்ந்தது. அவர் 1994இற் காலமானார். இவை கம்பளங்கள் அல்ல, பூத்தையல் வேலைகள். எனினும் எமது பிரச்சினைக்கு நேரடித் தொடர்புடையவை.

இவ்வுலகப்படங்களில் தாம் எதனையும் ஆக்கவில்லை, உலகம் உள்ளபடி உள்ளது, கொடிகளையும் தாம் வரையவில்லை என்ற நிலைப்பாட்டினைப் போயெத்தி வலியுறுத்தினார். கலைஞன் என்ற தனிமனித வழிபாட்டினை மறுக்கும் இந்நிலைப்பாடு கவர்ச்சியானது. கடல்களின் நிறத்தைத் தைத்தவர்களே தெரிவுசெய்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றை அவர் மகிழ்ச்சியோடு ஏற்றார். ஆயினும், ஆக்கியோனை மறுத்த அப்படைப்புகள் ஆக்கியோன் பெயராலேயே ஏலத்தில் விலைபோகின்றன. ஒருவருக்குத் தம் பெயரைத் துறப்பது கலைக் கொள்கையாக அமைகின்றது. துறப்பதற்கென ஒரு பெயர் இல்லாதோர்க்குப் பெயரின்மை வாழ்நிலையாக உள்ளது. குமாரசுவாமியின் மரபுக் கைவினைஞனும் போயெத்தியின் நவீன கலைஞனும் வெவ்வேறு வழிகளால் வந்து சேரும் இடம் ஒன்றே: முடிச்சிட்ட கையைப் பற்றிப் பேசாதிருத்தல்.

7

அகதி வாழ்வு கம்பளத்தின் புவியியலையும் மாற்றியது. 1980களிலும் 1990களிலும் பெஷாவரைச் சூழ்ந்த முகாம்களில் ஆப்கானியர் நெய்த கம்பளங்கள் பாகிஸ்தானியப் பண்டமாக ஏற்றுமதியாயின. ஆப்கானிஸ்தானில் நெய்யப்பட்டவையும் கழுவுதல், கத்தரித்தல் முதலிய இறுதி வேலைகளுக்காக எல்லை கடந்து, அங்கிருந்து அந்நாட்டுப் பெயரோடே சென்றன. 'சோபி' எனப்படும் மங்கிய வண்ணக் கம்பளங்கள் இக்காலத்தின் படைப்பு. அவற்றின் வடிவங்கள் பல, மான்செஸ்டரிலிருந்து இயங்கிய சீக்ளர் கம்பனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈரானின் சுல்தானாபாதிலே ஐரோப்பியச் சுவைக்கேற்ப நெய்வித்தவற்றைத் தழுவியவை. அவ்வகையில் ஆங்கில வணிகனின் பழைய ஏவல், ஆப்கானிய அகதியின் கையில் மறுபிறவி எடுத்து, அமெரிக்க வீட்டிலே கீழைத்தேய மரபாக விரிக்கப்படுகின்றது.

அன்னா பாட்கென் 2013இல் வெளியிட்ட நூலொன்று, பல்க் மாகாணத்தின் சிறு துர்க்மெனியக் கிராமத்தில் ஒரு கம்பளம் உருவாகும் காலத்தைப் பதிவுசெய்கின்றது. உடல்வலியைத் தாங்கவும், அழும் குழந்தைகளை அடக்கவும் அபின் பயன்படுவதை அது மறைக்கவில்லை. கம்பளத்தின் அழகைப் பேசும் நூல்களிடையே இவ்வுண்மையையும் ஒருசேரச் சொல்ல முனைந்தமை அதன் பெறுமதியாகும்.

2021 ஆகஸ்ட்டில் தலிபான் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினர். ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை மூடப்பட்டது. 2022 டிசெம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் தொழில் இழந்த பெண்டிரும், வகுப்பறை இழந்த மாணவியரும் கம்பளத் தறியின் முன் அமர்ந்தனர். அவர்களுக்கென அனுமதிக்கப்பட்ட மிகச் சில தொழில்களுள் இது ஒன்றாயிற்று. பட்டதாரியாகியிருக்கவேண்டியவள் முடிச்சிடக் கற்கின்றாள். இதனையும் 'பாரம்பரியத்தின் புத்துயிர்ப்பு' எனப் பாராட்டும் விளம்பர வாசகங்கள் எழக்கூடும். அவ்விடத்திலேதான் விமர்சனம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். வீட்டுச் சுவருள் அடைக்கப்பட்டதனால் எண்ணிக்கையிற் பெருகும் கலை, வளரும் கலை ஆகாது.

அதேவேளை, சுரண்டலின் விளைவாதலால் கம்பளத்தில் அழகில்லை எனக் கூறுவதும் பிழையாகும். அவ்வாறு கூறின், அதனை நெய்தவளிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் நாமே பறித்தவராவோம். அவளது கணக்கும், நினைவும், வண்ணத்தெரிவும் மெய்யான அறிவு. பன்னூற்றாண்டுகளாகத் தாய் மகளுக்குக் கற்பித்த, ஏட்டில் ஏறாத அறிவு. அவ்வறிவுக்கு ஓர் ஆசிரியர் உண்டு எனவும், அவர் கூலி பெறாத உழைப்பாளி எனவும் ஒரே மூச்சிற் கூறக்கூடிய அழகியல் ஒன்றே இப்பொருளுக்கு நீதி செய்யும். மரபுரிமையைப் பேணல் என்பது குல்லின் கோணங்களைப் பேணுவதோடு முடிவதன்று. எழுதவும் படிக்கவும் அறிந்த ஒரு பெண், வேறு தொழில்களும் தன் முன் திறந்திருக்கும் நிலையிலே, தறியைத் தானே தெரிந்தெடுத்து, தான் நெய்ததன் விலையைத் தன் கையாற் பெற்று, விரும்பினால் கரையோரத்திலே தன் பெயரையும் முடிச்சிடும் நாளிலேதான் ஆப்கானியக் கம்பளம் முழுமையான பொருளிற் கலையாகும். அதுவரையில், அரும்பொருளகச் சுவரிலே கம்பளத்தின் அருகே ஒட்டப்பட்டுள்ள சிறு அட்டையின் வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பது விமர்சனத்தின் கடமையாகும்.